லிஃப்ட்காரர் என்ன சொன்னார்?

மருந்துக்கடை அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பேசிய முதல் வார்த்தையைக் கேட்டதும், நர்ஸ் ஓடிப்போய் பெட்பேனை எடுத்து வந்தாள். அவர் சொன்ன வார்த்தை "ஷிட்".

நர்ஸ் மேல் தப்புச் சொல்ல முடியாது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனுஷன் அந்த வார்த்தையைச் சொன்னால் அவள்தான் வேறு என்ன நினைப்பாள்? திரையை இழுத்துவிட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சாமானைச் சரியாக வைத்தாள். அவர் மறுபடியும் "ஷிட்" என்றார். "ஆகட்டும் சார், ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் அவள். சாயங்காலத்துக்குள் இதே கூத்து திரும்பத் திரும்ப நடந்தது. கடைசியில் அவர், அசைகிற இடது கையால் பெட்பேனை ஓங்கித் தட்டிவிட்டார். காலியான தகரம் வார்டு முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டு உருண்டுபோய் எதிர்க் கட்டிலுக்கு அடியில் நின்றது. எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ப்ளாஸ்க்கைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றிருந்த அக்காவுக்குக் காதும் முகமும் சூடாகிவிட்டன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. மகள் கைபேசியைக் கீழே போட்டுவிட்டு "ஷிட்" என்று சொன்னால்கூட, "வீட்டுக்குள்ள என்ன பேச்சு இது?" என்று கண்டிக்கிற ஆள் அவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்குகிற இருட்டுக் குழிக்குள் பகல் முழுக்க இருந்துவிட்டு, உடம்பெல்லாம் கிரீஸ் வாசனையோடு வீட்டுக்கு வருவார். வீட்டில் பேச்சு குறைவு. அக்காவை "இந்தாம்மா" என்பார். அந்த ஒரு "இந்தாம்மா"வில் டீ வேண்டும் என்பதும் இருக்கும், நீ சாப்பிட்டாயா என்பதும் இருக்கும். ஒரு நாள் பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைப்பு. வலது கையும் வலது காலும் போயின. அவற்றோடு பேச்சும் போனது. அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது.

"நாம சொல்றது அவருக்குப் பெரும்பாலும் புரியும். அவர் சொல்ல நினைக்கிறதும் உள்ளே இருக்கும். வாய்க்கு வர்ற வழிதான் அடைச்சிருக்கு" என்றார் டாக்டர். "பதறும்போது தானா வர்ற வார்த்தை சில பேருக்கு மட்டும் இப்படி மிஞ்சும். திட்டுற வார்த்தையாகூட இருக்கும். அவர் வேணும்னு சொல்லல."

"வேற வார்த்தை வராதா டாக்டர்?"

"வரலாம். பயிற்சி கொடுக்கணும். பொறுமை வேணும்."

பொறுமை என்பதை மட்டும் எந்த மருந்துக்கடையிலும் விற்பதில்லை என்று அக்கா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் வேறொரு சாமர்த்தியம் தன்னிடம் இருப்பதாக அவள் நம்பினாள். கடைத்தெரு முனையில் இருந்த மருந்துக்கடையில் முன் மேசையில் நிற்பவள் அவள்தான். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு அலமாரிக்குப் போய்விடுவாள். "கோழி கிண்டினது மாதிரி இருக்கிறதையே படிச்சிடுறேன். கட்டின புருஷன் சொல்ற ஒத்த வார்த்தையைப் படிக்க முடியாமலா போயிடும்?" என்று மகளிடம் சொன்னாள்.

மகள் சிரிக்கவில்லை. "அம்மா, அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம் கிடையாது" என்றாள். "ஏதாவது விழுந்தாலும் அதான். மறந்துபோச்சுன்னாலும் அதான். ஒருத்தன் புளுகினா அதையும் அப்படித்தான் சொல்லுவோம். மூட்டை முடிச்சு, தட்டுமுட்டுச் சாமானுக்கும் அதே பேர்தான். ரொம்ப நல்லா இருந்தாலும் அதான்."

"நல்லா இருந்தாலுமா?"

"ஆமாம்மா. நம்பவே முடியாத அளவுக்கு நல்லா இருந்தா."

"கண்றாவி. அப்புறம் எது நல்லது, எது கெட்டதுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"சொல்ற விதத்துல."

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்தார். நான்கு கால் ஊன்றுகோலும் கழிப்பறைச் சுவரில் கைப்பிடியும் வந்தன. முன்னறையில் ஜன்னலோரமாக அவருடைய நாற்காலி போடப்பட்டது. காலையில் கண் விழித்ததிலிருந்து விளக்கை அணைக்கிறவரை அந்த ஒரே வார்த்தை. கீழ்வீட்டுப் பெண்மணி நலம் விசாரிக்க வந்தாள். கையில் ஏழு மாதக் குழந்தை. லிஃப்ட்காரர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "ஷிட்" என்றார். அந்தப் பெண்மணி குழந்தையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இல்லையே, காஞ்சுதானே இருக்கு" என்றாள். அதற்கு அப்புறம் அவள் குழந்தையோடு மாடி ஏறவில்லை.

முதல் சில வாரம் அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீரா என்று கேட்டால் அந்த வார்த்தை. தலையணையா என்றால் அதே வார்த்தை, கொஞ்சம் சத்தமாக. மின்விசிறியைப் போட்டால் ஒன்று, அணைத்தால் ஒன்று. கேட்டுக் கேட்டு அவளுக்குத் தலை வலிக்கும். புரியவைக்க முடியாமல் அவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். கடைசியில் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகவே உருட்டுவாள்.

அப்போதுதான் ஸ்பேனர் வந்தான். லிஃப்ட்காரரோடு கூடவே வேலை பார்த்தவன். கழுத்து நீளம், தலை பெரிது என்பதால் அந்தப் பெயர். உள்ளே நுழைந்ததும் நாற்காலியைப் பார்த்து, "அண்ணே!" என்றான்.

"ஷிட்" என்றார் லிஃப்ட்காரர், இழுத்து.

"ஆமாண்ணே, நானும்தான் தேடினேன்" என்றான் ஸ்பேனர், ஏதோ முழு வாக்கியத்துக்குப் பதில் சொல்வதுபோல. அக்கா டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பேனர், புது மேலதிகாரி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னான். லிஃப்ட்காரர் சரியான இடத்தில் சரியான விதத்தில் அந்த வார்த்தையைப் போட்டுக்கொண்டே வந்தார். தெரியாதவர் யாராவது பக்கத்து அறையிலிருந்து கேட்டால் இரண்டு பேர் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"உனக்கு எப்படிப்பா புரியுது?" என்றாள் அக்கா.

"என்ன அண்ணி, அண்ணன் வேலையில எப்பவும் இதானே! மேல நின்னு வெடுக்குன்னு சொன்னா, 'கையை எடுடா'ன்னு அர்த்தம். முனகினா, தப்பான பார்ட்டை எடுத்துட்டு வந்திருக்கோம். நீட்டிச் சொன்னா, விடு, டீ குடிச்சிட்டு வந்து பார்க்கலாம். அந்தக் குழிக்குள்ள நீளமா பேசினா எதிரொலிக்கும், ஒண்ணும் கேக்காது. அதான் ஒத்த வார்த்தை."

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் டீயைப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தன்னிடம் காட்டாத ஒரு வாய் அவருக்கு வெளியே இருந்திருக்கிறது, இப்போது மிஞ்சியிருப்பதும் அதுதான், "இந்தாம்மா" போய்விட்டது. ஸ்பேனர் போன பிறகு டம்ளரைக் கழுவும்போது அக்காவுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நேற்று வந்த ஸ்பேனருக்குப் புரியுமாம், எனக்குப் புரியாதாம்.

அன்றிலிருந்து முழு மூச்சாக இறங்கினாள். வெடுக்கென்று வருவது, முனகலாக வருவது, மூக்கு வழியாக வருவது, கண்ணை மூடிக்கொண்டு சொல்வது எல்லாவற்றையும் கவனித்தாள். கொஞ்ச நாளில் பலவற்றைச் சரியாகவே பிடித்தாள். கால் மரத்துப்போனால் வருகிற ஒன்று, செய்தியில் பொய் சொல்கிறார்கள் என்றால் வருகிற ஒன்று, கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் வருகிற ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் அந்த வார்த்தைக்கு நேர் அர்த்தம் என்று மகள் கேலி செய்தாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் ஏதாவது கேட்டுவிட்டு, பதில் வந்ததும் அக்காவின் முகத்தைப் பார்ப்பார்கள். "என்ன சொல்றாரு?" அக்கா சொல்லுவாள். "உங்க பையனோட பரீட்சை எப்படிப் போச்சுன்னு கேக்குறாரு." "சாப்பிட்டுத்தான் போகணும்கிறாரு." வந்தவர்கள் அசந்து போவார்கள். "கொடுத்து வெச்சவர்" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இளம்பெண்ணை எல்லோரும் பேச்சு டீச்சர் என்பார்கள். அவள் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். ஆமாம் என்றால் இடது கட்டை விரலைத் தூக்க வேண்டும். இல்லை என்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து மேசையில் வைக்க வேண்டும். "பார்க்க சுலபமாத் தெரியும். ஆனா மூளை அடிபட்டவங்களுக்கு ஆமாவும் இல்லையும் மாறிப்போகும். தினமும் வீட்ல பழக்கணும்" என்றாள். அக்கா நாலு நாள் பழக்கினாள். கேள்விக்கெல்லாம் கட்டை விரலே உயர்ந்தது. "இது நாற்காலியா?" கட்டை விரல். "இது யானையா?" அதற்கும் கட்டை விரல். அவர் தன் விரலையே வெறுப்போடு பார்த்தார். அக்கா, "விடுங்க, எனக்குத்தான் நீங்க சொல்றது புரியுதே. இந்த விரல் வித்தை எதுக்கு?" என்று அதோடு நிறுத்திவிட்டாள்.

அங்கேதான் சறுக்கல் ஆரம்பித்தது. அது சறுக்கல் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு நாள் கடையிலிருந்து தலைவலியோடு வந்தவள், டிவி பார்த்துக்கொண்டிருந்த மகளிடம், "அப்பா சத்தத்தைக் குறைக்கச் சொல்றாரு பாரு" என்றாள். அவர் சும்மாதான் இருந்தார். இன்னொரு நாள் அவருடைய அண்ணன் போன் செய்து, ஒரு வாரம் வந்து தம்பியோடு இருக்கட்டுமா என்று கேட்டார். அக்காவுக்கு அந்த ஒரு வாரத்துக்கான சமையலும் துணி துவைப்பும் கண்முன் வந்து நின்றன. போனை அவர் காதில் வைத்தாள். அவர் சொன்னார். போனை எடுத்து, "இப்போ வேணாம், கொஞ்சம் தேறினப்புறம் பார்த்துக்கலாம்கிறாரு, மாமா" என்றாள். லிஃப்ட்காரர் அந்த வார்த்தையை இன்னொரு தடவை, இன்னும் பலமாகச் சொன்னார். "உங்களை விசாரிச்சதா சொல்றாரு" என்று போனை வைத்தாள்.

காய்கறிச் சூப்பும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சாப்பாடு அது. முதல் மாதத்துக்கு மட்டும். அவர் முதல் வாய் குடித்துவிட்டுச் சொன்ன வார்த்தையை அக்கா 'பிரமாதம்' என்று எடுத்துக்கொண்டாள். நம்ப முடியாத அளவுக்கு நல்லா இருந்தாலும் அதுதான் என்று மகளே சொல்லியிருக்கிறாளே. செய்வதும் சுலபம். மாதக்கணக்கில் ராத்திரிச் சாப்பாடு சூப்புதான்.

மகள் துறைமுகத்தில் வேலைக்குச் சேரப் படித்துக்கொண்டிருந்தாள். கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் ராட்சதக் கிரேனை ஓட்டுகிற வேலை. அந்தப் பயிற்சிக்கு அவளைச் சேர்த்துவிட்டவரே லிஃப்ட்காரர்தான். அக்காவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அவ்வளவு உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், காலுக்குக் கீழே கடல். ஏற்கெனவே ஒருத்தர் உயரத்தில் விழுந்து கிடக்கிறார், அது போதாதா? துறைமுகமோ ஒரு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போகிற தூரம்.

வேலை கிடைத்துவிட்டது என்று போன் வந்த அன்று மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மகள் அப்பாவின் பக்கம் திரும்பி, "அப்பா, எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் சேரணும். போகட்டுமா?" என்றாள்.

அவர் கண்கள் விரிந்தன. கரண்டியைப் போட்டுவிட்டு, "ஷிட்!" என்றார்.

"பார்த்தியா, போகாதேங்கிறாரு" என்றாள் அக்கா.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்து இன்னும் பலமாகச் சொன்னார். மேசையைக் குத்தினார். சூப்புக் கிண்ணம் குதித்தது.

"கோவம் வருது பாரு. என்னை இப்படிப் போட்டுட்டு நீ போறியான்னு கேக்குறாரு. போதும், விட்டுடு."

"அப்பா, வேணாமா?" என்று மகள் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். வேறென்ன வரும்? அதேதான் வந்தது. மறுபடியும், மறுபடியும். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது. மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. லிஃப்ட்காரர் சாப்பிட மறுத்தார். ஊட்டப் போனால் கரண்டியைத் தட்டிவிட்டார். அக்கா பக்கத்தில் வந்தாலே அந்த வார்த்தையைக் கல்லெறிவது மாதிரி எறிந்தார். "மக போயிடுவாளோங்கிற பயம் இன்னும் தீரல" என்று அக்கா ஸ்பேனரிடம் சொன்னாள். ஸ்பேனர் தலையைச் சொறிந்தான். "எனக்கு அப்படித் தெரியல அண்ணி" என்றான். "இது 'கையை எடு' மாதிரில்ல இருக்கு?"

"உன் குழி பாஷை வீட்டுக்கு ஒத்து வராதுப்பா" என்றாள் அக்கா.

அந்த வாரம் கடையில் சரக்கு எண்ணும் வேலை. அக்காவால் பேச்சுப் பயிற்சிக்குப் போக முடியவில்லை, மகள் கூட்டிப்போனாள். பேச்சு டீச்சர், "கட்டை விரல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். மகள் முழித்தாள். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. டீச்சர் சில கேள்விகள் கேட்டுப் பார்த்தாள். விரல் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் வந்தது. லிஃப்ட்காரர் மேசையில் தலையை முட்டிக்கொண்டார். "சார், உங்களுக்குப் பதில் தெரியும்னு எனக்குத் தெரியும். கைதான் முந்திக்குது. கேள்வி முடிஞ்சதும் கையை மடியில வெச்சு ஒரு மூச்சு விடுங்க. அப்புறம் காட்டுங்க" என்றாள் அவள்.

மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கடைக்குப் போனதும் அப்பாவும் மகளும் உட்கார்ந்துவிடுவார்கள். பல நாள் ஒன்றும் தேறவில்லை. ஒரு நாள் எல்லாம் சரியாக வரும். மறுநாள் தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஒரே விரல். அவர் கத்துவார், அவள் கத்துவாள். ஒரு தடவை அவளே பொறுக்க முடியாமல், "ஷிட்ப்பா!" என்றாள், அவர் அதிர்ந்துபோய் வீட்டுக்குள் என்ன பேச்சு இது என்பதுபோல முறைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை சொன்னபடி கேட்டது. ஒரு மத்தியானம், வரிசையாகக் கேட்ட எல்லாவற்றுக்கும் சரியாகவே காட்டினார்.

"அப்பா. அந்தக் கிரேன் வேலைக்கு நான் போகட்டுமா?"

கை மடிக்குப் போனது. ஒரு மூச்சு. கட்டை விரல் உயர்ந்தது.

"நான் இங்கேயே இருக்கணுமா?"

உள்ளங்கை மேசையில் விழுந்த சத்தம் சமையலறை வரை கேட்டிருக்கும்.

அக்கா அன்று சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகள், "அம்மா, அப்பா அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள்.

"எப்படிச் சொல்லல?"

"என்னைப் போகாதேன்னு. நீதான் சொன்னே."

அக்கா கைப்பையை ஆணியில் மாட்டினாள். "கட்டை விரலை ஆட்டினா ஆச்சா? யானைக்கும் விரலைத் தூக்கினவர்தானே?"

"அம்மா, கடையில ஒரு சீட்டு புரியலேன்னா என்ன பண்ணுவே? நீயா ஒரு மருந்தைக் கொடுத்து அனுப்புவியா?"

அக்கா டாக்டருக்குப் போன் செய்து கேட்பாள். எவ்வளவு கூட்டம் இருந்தாலும், டாக்டர் எவ்வளவு எரிந்து விழுந்தாலும் கேட்காமல் கொடுத்ததே இல்லை. நாற்காலிக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கை துடைக்கவில்லை; முகம் கழுவவில்லை.

"ஏங்க. இவ போகலாம்கிறீங்களா?"

கட்டை விரல்.

"அன்னிக்கு மாமா போன் பண்ணாரே. நீங்க வரவேணாம்னா சொன்னீங்க?"

உள்ளங்கை.

"வரச் சொன்னீங்களா?"

கட்டை விரல். அது இறங்கவே இல்லை.

அக்கா மேசையில் மூடி வைத்திருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "இந்தச் சூப்பு... பிடிக்கும்தானே?"

கை மடிக்குப் போனது. ஒரு மூச்சு. லிஃப்ட்காரர் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். அது போதாது என்று, பாத்திரத்தையே மெதுவாகத் தன்னைவிட்டுத் தள்ளி வைத்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத்தனை மாசமாவா?"

"ஷிட்" என்றார் அவர், கண்ணை மூடி, நீளமாக.

"என்ன சொல்றா..." என்று மகள் பக்கம் திரும்பிய அக்கா பாதியில் நிறுத்தினாள். அது அவள் மற்றவர்களைக் கேட்கிற கேள்வி இல்லை, மற்றவர்கள் அவளைக் கேட்கிற கேள்வி. அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எழுந்து நின்றாள்.

"சரி. அவர் சொல்லல. நான் சொல்றேன், கேட்டுக்கோ. நீ போகக் கூடாது. எனக்குப் பயமா இருக்கு. நீயும் மேல போய் விழுந்தா நான் யாருக்குன்னு மருந்து எடுத்து வைப்பேன்? அவருக்கு உயரம்னா உசுரு, எனக்கு அப்படியில்ல. போதுமா?"

லிஃப்ட்காரர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நீங்க சும்மா இருங்க! உங்களுக்கென்ன, விரலைத் தூக்கிட்டீங்க. காலையில உங்களைக் குளிப்பாட்டி, கடைக்கு ஓடி, மத்தியானம் ஓடி வந்து, மறுபடியும் ஓடறது யாரு? இவ போயிட்டா பகல்ல உங்களை யாரு பார்த்துப்பா? அதைச் சொல்லுங்க பார்ப்போம்!"

அவர் கத்தினார். அவள் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். அவர் ஊன்றுகோலைத் தரையில் இடித்தார். அவள் சூப்பை எடுத்துத் தொட்டியில் கொட்டினாள். கீழ்வீட்டிலிருந்து யாரோ கட்டையால் கூரையைத் தட்டினார்கள். "தட்டுங்க, நல்லாத் தட்டுங்க!" என்று அக்கா தரையைப் பார்த்துக் கூவினாள். அவர் நோயில் விழுந்ததிலிருந்து அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. அவருக்காகவும் சேர்த்து அவளே பேசிக்கொண்டிருந்தால் சண்டை எப்படி நடக்கும்? அன்றைக்குத்தான் இரண்டு பக்கமும் ஆள் இருந்தது.

சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை. இரண்டு நாள் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்கா தானாகப் போனை எடுத்து அவருடைய அண்ணனைக் கூப்பிட்டாள். "மாமா, நீங்க வர்றேன்னு சொன்னீங்களே. வரச் சொல்றாரு. அன்னிக்கும் அதைத்தான் சொன்னாராம். நான்தான் தப்பா சொல்லிட்டேன்." "எந்தப் பஸ்ஸில ஏறணும்?" என்று கேட்டார் அவர்.

மகள் போனாள். பஸ் நிலையத்தில் அக்கா அவளிடம் சரியாகப் பேசக்கூட இல்லை. மாத்திரைப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்து, "தலைசுத்தலுக்கு. கிரேன்ல ஏறுறதுக்கு முன்னாடி போடாதே, தூக்கம் வரும்" என்றாள். ஏறுவதற்கு முன்னாடி போடக் கூடாது, ஏறிய பிறகும் போட முடியாது என்றால் இது எதற்கு என்று மகள் கேட்கவில்லை.

மகளின் முதல் அழைப்பு கூண்டுக்குள்ளிருந்து வந்தது. இடைவேளையாம். போனைத் திருப்பிக் காட்டினாள். கீழே கன்டெய்னர்கள் தீப்பெட்டி மாதிரி. லிஃப்ட்காரர் போனைப் பிடுங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை மெதுவாக, மூச்சோடு சேர்த்துச் சொன்னார். "ஆமாப்பா" என்றாள் மகள். அக்கா திரையைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இதனால் வீட்டில் நிம்மதி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முன்னைவிடத் தொல்லை அதிகம்தான். ஆமாம், இல்லை என்று அவர் காட்டுவதற்குச் சரியான கேள்வி முதலில் இவளுக்குத் தோன்ற வேண்டுமே? ஒரு நாள் அவர் ஜன்னலைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஜன்னலைச் சாத்தவா? இல்லை. திறக்கவா? இல்லை. வெயிலா, சத்தமா, எதிர்வீடா, கொசுவா? இல்லை, இல்லை, இல்லை. வெளியே போகணுமா? இல்லை. மகளைப் பற்றியா? கை கொஞ்சம் தயங்கி, இல்லை. முன்பென்றால் இதற்குள் அக்கா ஏதாவது ஒன்றை அவருக்காக முடிவுசெய்து முடித்திருப்பாள். இப்போது துண்டை நாற்காலியில் விசிறிவிட்டு, "எனக்குத் தெரியலங்க. சத்தியமா தெரியல" என்றாள். அவரும் கையை மடியில் போட்டுக்கொண்டார். ராத்திரி ரொட்டியும் பொரித்த முட்டையும் சாப்பிட்டார்கள். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அண்ணன் ஒரு வாரம் என்று வந்தவர் ஒரு மாதமாக இருக்கிறார். துணி துவைப்பு அக்கா பயந்தபடியே இரண்டு மடங்காகிவிட்டது. அவர் தம்பிக்கு எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவார். தம்பி ஏதாவது சொன்னால், பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

இன்று காலையும் அப்படித்தான். அக்கா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, என்னமோ சொல்றான் பாரு. என்ன சொல்றான்?"

"அவரையே கேளுங்க மாமா. கேட்டுட்டு, ஒரு மூச்சு விட நேரம் கொடுங்க. எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். படி இறங்கும்போது உள்ளேயிருந்து அந்த வார்த்தை கேட்டது. தொடர்ந்து அண்ணனின் குரல்: "தண்ணியா? இல்லையா? அப்போ டிவியா? அதுவும் இல்லையா? அடப் போடா, பின்ன என்னடா வேணும் உனக்கு?" மறுபடியும் அந்த வார்த்தை, இந்தத் தடவை கூரை அதிர.

அக்கா நிற்காமல் இறங்கிப் போனாள்.